ஒற்றைப் பணியிடம்: மருத்துவமனை மருந்தாளுநர்களும் தொழிற்சங்கமும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-இல், வேப்பனப்பள்ளிச் சாலை பிரியும் இடத்தில் அமைந்துள்ள குந்தாரப்பள்ளி, வெள்ளிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தையால் பல மாவட்டத்து வியாபாரிகளுக்குப் பழக்கமான ஊர். அதே நெடுஞ்சாலை ஓசூரை நெருங்கும்போது சந்தை மறைந்து தொழிற்சாலைகள் தொடங்குகின்றன. சிப்காட் வளாகம் உருவான 1970-கள் முதல் இப்பகுதியில் வளர்ந்த வாகன, இயந்திர, கைக்கடிகார ஆலைகளின் வாயில்களில் தொழிற்சங்கக் கொடிக்கம்பங்களும் அறிவிப்புப் பலகைகளும் கூடவே வளர்ந்தன. இதே சாலையோரம் போலுப்பள்ளியில், 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்றான கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரி நிற்கிறது. ஓசூர் வரை தனியார் மருத்துவமனைகளும் நர்சிங் ஹோம்களும் வரிசையாக இருக்கின்றன. ஆலை வாயிலில் காணப்படும் கொடிக்கம்பம் மருத்துவமனை வாயிலில் அரிது. மருத்துவமனைக்குள்ளேயும் மருந்து வழங்கும் சன்னலுக்குப் பின்னால் நிற்பவருக்கு அது இன்னும் அரிது.

இதற்குக் காரணம் மருந்தாளுநர்களின் அச்சமோ அக்கறையின்மையோ என்று சொல்வது எளிது; ஆனால் உண்மையான காரணம் அந்தப் பணியின் அமைப்பிலேயே இருக்கிறது. தொழிற்சங்கம் என்பது ஒரே கூரையின்கீழ் ஒரே வேலையைச் செய்யும் பலரிடமிருந்து பிறப்பது. மருந்தாளுநரோ பெரும்பாலான இடங்களில் ஒரு கூரைக்கு ஒருவர். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எத்தனை பணியாளர்கள் வேண்டும் என்று வரையறுத்த 2012-ஆம் ஆண்டின் இந்தியப் பொதுச் சுகாதாரத் தரநிலைகள் அங்கே வைத்தது ஒரே ஒரு மருந்தாளுநர் பணியிடம். சிறு தனியார் மருத்துவமனையிலும் உரிமத்துக்குத் தேவையான ஒருவரோடு கணக்கு முடிந்துவிடுகிறது. சட்டம் அவர்மீது சுமத்தும் பொறுப்பு தனியொருவருக்கு உரியது; சட்டம் தரும் பேரம் பேசும் உரிமையோ எண்ணிக்கைக்கு உரியது. மருத்துவமனை மருந்தாளுநரின் பணிநிலையில் காணப்படும் குறைகளில் பெரும்பாலானவை இந்தப் பொருத்தமின்மையிலிருந்து கிளைப்பவை.

மருந்தாளுநர் என்ற சொல்லே இந்தப் பணிக்குப் பிந்தி வந்தது. மருத்துவர் எழுதிய கலவையை உரலில் அரைத்து, அளவுக் குவளையில் ஊற்றி, சீசாவில் காகிதப் பட்டை ஒட்டிக் கொடுத்தவரை ஊர் கம்பவுண்டர் என்று அழைத்தது. இன்றும் முதியோர் நாவில் அந்தப் பெயர் போகவில்லை. தகுதி வரையறை இல்லாத அந்த நிலையை ஆராய 1930-இல் ஆர். என். சோப்ரா தலைமையில் அமைக்கப்பட்ட மருந்து விசாரணைக் குழு, மறு ஆண்டு தந்த அறிக்கையில் மருந்துகளின் தரத்தோடு மருந்து வழங்குவோரின் கல்வியையும் பதிவையும் ஒழுங்குபடுத்த வேண்டும் என்றது. அதன் தொடர்ச்சியாக 1940-இல் மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டமும் 1948-இல் மருந்தியல் சட்டமும் வந்தன. பின்னதன் 42-ஆம் பிரிவு, மருத்துவரின் சீட்டுக்கு மருந்து கலந்து, தயாரித்து, வழங்கும் வேலையைப் பதிவு பெற்ற மருந்தாளுநர் மட்டுமே செய்யலாம் என்று கட்டளையிட்டு, மீறினால் தண்டனையும் வகுத்தது. ஒரு வேலையை இன்னார்தான் செய்யலாம் என்று இவ்வளவு உறுதியாகச் சட்டம் ஒதுக்கிக் கொடுத்த தொழில்கள் இந்தியாவில் மிகச் சில. பிற தொழிலாளர்கள் போராடிப் பெற வேண்டிய இடத்தை மருந்தாளுநருக்குச் சட்டமே எடுத்துக் கொடுத்தது என்று தோன்றும். அது பேர வலிமையாக மாறாமல் போன விதம்தான் கவனிக்கத்தக்கது.

அரசு மருத்துவமனையில் மருந்தாளுநரின் நாள் மருந்துச் சன்னலில் தொடங்குகிறதே தவிர அங்கே முடிவதில்லை. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுமைக்குமான மருந்துகளை ஒப்பந்தப்புள்ளி வழியாக மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வழங்கப்பட்ட பாஸ் புத்தகத்தில் உள்ள நிதி ஒதுக்கீட்டுக்கு ஏற்ப அளிக்கிறது. இந்தியாவின் பிற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய முறை இது. இம்முறையின் கடைசிக் கண்ணியும் முதல் கண்ணியும் மருந்தாளுநரே. அடுத்த சில மாதங்களுக்கு எந்த மாத்திரை எவ்வளவு தேவைப்படும் என்று கணித்து இன்டென்ட் எனப்படும் தேவைப் பட்டியலை எழுதுபவரும், கிடங்கிலிருந்து வந்த பெட்டிகளை எண்ணிக் கையிருப்புப் பதிவேட்டிலும் கணினியிலும் ஏற்றுபவரும், காலாவதி தேதி நெருங்கும் மருந்தை முன்னால் எடுத்து வைப்பவரும் அவர். குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் காக்கப்பட வேண்டிய தடுப்பூசிகளையும் இன்சுலினையும் பல நிலையங்களில் அவரே பார்த்துக்கொள்கிறார். வலி நீக்கும் மார்பின் போன்ற மருந்துகள் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்டவை என்பதால் அவற்றின் ஒவ்வொரு குப்பிக்கும் தனிக் கணக்கு உண்டு.

இவ்வளவையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, புறநோயாளிப் பிரிவு திறந்திருக்கும் காலை நேரத்தை மட்டும் எண்ணிப் பார்க்கலாம். ஐந்து மணி நேரத்தில் 300 ஓ.பி. சீட்டுகள் சன்னலுக்கு வருமானால், சீட்டு ஒன்றுக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்குள் கையெழுத்தைப் படித்து, மருந்தை எடுத்து, எண்ணி, எதைக் காலையில், எதை இரவில், எதைச் சாப்பாட்டுக்கு முன் என்று சொல்லிக் கொடுத்தாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1993-இல் வெளியிட்ட மருந்துப் பயன்பாட்டு ஆய்வு வழிகாட்டி, மருந்து வழங்க ஆகும் சராசரி நேரத்தை ஒரு மருத்துவமனையின் தரத்தைக் காட்டும் அளவுகோல்களில் ஒன்றாகவே வைத்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லைப் பகுதியில் அந்த நிமிடம் இன்னும் சுருங்குகிறது; தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டுமொழிகளாக வழங்கும் இங்கே, ஆலை வேலைக்கு வந்த வட மாநிலத் தொழிலாளரின் இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொண்டதால், மாத்திரைப் பட்டையின்மேல் பேனாவால் இடும் கோடுகளும் விரல் சைகையுமே பல நேரங்களில் பொதுமொழி. இந்திய மருந்தியல் மன்றம் 2015-இல் வெளியிட்ட மருந்தியல் தொழில் ஒழுங்குமுறைகள், நோயாளிக்கு மருந்து பற்றிய ஆலோசனை வழங்குவதை மருந்தாளுநரின் கடமையாக எழுதிவைத்திருக்கின்றன. விதிப்படி வேலை என்று தொழிற்சங்கங்கள் சொல்லும் போராட்ட முறையை, அதாவது விதிகளில் உள்ளதை ஒரு வரி விடாமல் கடைப்பிடிப்பதை, மருந்தாளுநர்கள் ஒரு நாள் மேற்கொண்டால் போதும். நண்பகலுக்குள் வரிசை மருத்துவமனை வாயிலைத் தாண்டும்.

பணியிடம் ஒற்றையாக இருப்பதன் விளைவு விடுப்பில்தான் முதலில் தெரிகிறது. ஒருவர் விடுப்பெடுத்தாலோ பேறுகால விடுப்பில் சென்றாலோ பக்கத்து நிலையத்து மருந்தாளுநருக்கு அது கூடுதல் பொறுப்பாகவோ மாற்றுப்பணியாகவோ போய்ச் சேர்கிறது. மாற்றுப்பணி என்பது சம்பளம் ஓரிடத்தில் பெற்றுக்கொண்டு வாரத்தின் சில நாள்களில் வேறிடத்தில் வேலை பார்ப்பது. அதனால் ஒரே நாளில் இரண்டு நிலையங்களின் கையிருப்புக்கும் ஒருவரே பொறுப்பாகிறார். தணிக்கைக் குழு வரும்போது இந்தப் பொறுப்பு பணமாக மாறுகிறது. பதிவேட்டில் உள்ள எண்ணிக்கைக்கும் அலமாரியில் உள்ளதற்கும் வேறுபாடு இருந்தாலோ, மருந்து பயன்படாமல் காலாவதியானாலோ எழுதப்படும் தணிக்கைத் தடை, விளக்கம் ஏற்கப்படாதபோது ஊதியப் பிடித்தத்தில் முடியலாம். ஒழுங்கு நடவடிக்கை விதிகளின்கீழ் சிறு தண்டனைக்கான 17-அ குறிப்பாணையோ பெருந்தண்டனைக்கான 17-ஆ (பேச்சில் 17 பி) குறிப்பாணையோ வரலாம். அரசு ஊழியர் உலகில் 17 பி என்ற மூன்று எழுத்துச் சொல் எவ்வளவு இரவுத் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்பது அவ்வுலகத்தைச் சேர்ந்தவர்களுக்குத் தெரியும். மருந்து காலாவதியானதற்குக் காரணம் மருத்துவர் அதை எழுதுவதை நிறுத்தியதாக இருக்கலாம், கேட்டதைவிடக் கூடுதலாக வந்து இறங்கியதாகவும் இருக்கலாம். பதிவேட்டில் கையொப்பம் மருந்தாளுநருடையது.

2021 ஆகஸ்ட் 5 அன்று இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கிவைத்த மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளைப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வழியே வீட்டு வாசலுக்குக் கொண்டுசென்றது. நோயாளிக்கு அது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. நடந்து வர இயலாத மூதாட்டிக்கு மாதந்தோறும் மிச்சமாகும் பேருந்துக் கட்டணமே ஒரு கணக்கு. ஆனால் வாசலுக்குப் போகும் ஒவ்வொரு பொட்டலமும் ஏதோவொரு நிலையத்து அலமாரியிலிருந்துதான் புறப்படுகிறது. திட்டம் வளர்ந்த வேகத்தில் அலமாரிக்குப் பின்னால் நிற்கும் ஆள்களின் எண்ணிக்கையும் வளர வேண்டும் என்ற கோரிக்கைக்கு நியாயம் உண்டு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2022-இல் 889 மருந்தாளுநர் பணியிடங்களுக்கும் 2025-இல் 425 பணியிடங்களுக்கும் அறிவிக்கை வெளியிட்டது. அடிப்படை ஊதியம் 35,400 ரூபாயில் தொடங்கும் இந்தப் பணிக்குப் பட்டயம், பட்டம், 2008-இல் தொடங்கப்பட்ட ஆறாண்டுப் பார்ம்.டி. ஆகிய மூன்று படிப்பினரும் ஒரே வாசலில் நிற்கிறார்கள். ஆறாண்டு படித்து நோயாளியின் படுக்கையருகே மருந்துச் சிகிச்சையை ஆராயப் பயிற்சி பெற்றவருக்கும் சன்னலில் மாத்திரை எண்ணும் வேலையைத் தவிர அரசுப் பணியில் தனிப் பாதை திறக்கப்படாதது கல்விக் கொள்கையின் பிழையா, சுகாதாரத் துறையின் சிக்கனமா என்பது தனியே விவாதிக்க வேண்டியது.

அரசு மருந்தாளுநர்களுக்குச் சங்கங்கள் உள்ளன. காலிப் பணியிடங்களை நிரப்பவும், தலைமை மருந்தாளுநர், மருந்துக் கிடங்கு அலுவலர் போன்ற பதவி உயர்வு இடங்களைக் கூட்டவும் அவை ஆர்ப்பாட்டம் நடத்துவதும், கறுப்புப் பட்டை அணிந்து வேலை பார்ப்பதும் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் வருவதுண்டு. ஆனால் பணியாளர் சங்கமும் தொழிற்சங்கமும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. அரசு ஊழியர் சங்கம் கோரிக்கை வைக்கலாம், பேசலாம். வேலைநிறுத்தம் என்று வரும்போது 2003 அதன் முன்னால் சுவராக நிற்கிறது. அவ்வாண்டு ஜூலையில் நடந்த அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தத்தின்போது, 2002-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு இன்றியமையாப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தையும் அதைத் திருத்திய அவசரச் சட்டத்தையும் கொண்டு சுமார் 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். டி. கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில் ஆகஸ்ட் 6 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பெரும்பாலோரை மீண்டும் பணியில் சேர்க்க வழிசெய்தபோதே, வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியர்களுக்கு அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மிக உரிமையோ இல்லை என்றும் கூறிவிட்டது. சங்கம் அமைக்கும் உரிமை, கூட்டுப் பேரம் ஆகியவை குறித்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 87, 98-ஆம் உடன்படிக்கைகளை இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை; அரசு ஊழியரின் இந்த நிலை அதற்கு ஒரு காரணமாக அரசாலேயே சொல்லப்படுவது.

தனியார் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் படம் மாறுகிறது. இங்கே 17 பி இல்லை. ஆளே இல்லாமல் பெயர் மட்டும் இருக்கும் வழக்கம் உண்டு. சர்டிபிகேட்டை வாடகைக்கு விடுவது என்று வெளிப்படையாகவே பேசப்படும் இந்த ஏற்பாட்டில், பதிவு பெற்ற ஒருவர் தம் சான்றிதழை மாதத் தொகைக்குக் கொடுத்துவிட்டு வேறெங்கோ வேறு வேலை பார்ப்பார். சன்னலில் நிற்பவர் மருந்தியல் படிக்காத, அதனால் இன்னும் குறைந்த சம்பளத்துக்குக் கிடைக்கும் ஒரு விற்பனையாளர். சட்டம் மருந்தாளுநருக்கு ஒதுக்கிய இடம் பேர வலிமையாக மாறாமல் கசிந்துபோனது இந்த ஓட்டை வழியாகத்தான். ஆள் வந்து நின்றால் கொடுக்க வேண்டிய ஊதியத்தைவிடச் சுவரில் மாட்டிய சான்றிதழுக்குக் கொடுக்கும் வாடகை குறைவு என்னும்போது, நேர்மையாக எட்டு மணி நேரம் நிற்க முன்வருபவரின் விலையும் அந்த வாடகையை நோக்கி இறங்குகிறது. பிகார் மாநிலத்தைச் சேர்ந்த முகேஷ் குமார் வழக்கில் 2022 நவம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், போலி மருந்தாளுநர்களோ பதிவு பெறாதவர்களோ மருத்துவமனைகளிலும் மருந்தகங்களிலும் மருந்து வழங்காமல் பார்த்துக்கொள்வது மருந்தியல் மன்றத்தின், மாநில அரசின் கடமை என்று வலியுறுத்தியது. தீர்ப்பு நோயாளியின் பாதுகாப்பை மனத்தில் கொண்டது. ஆனால் மருந்தாளுநரின் ஊதியத்துக்கும் அதைவிடப் பெரிய துணை வேறில்லை. சான்றிதழை வாடகைக்கு விடும் சக மருந்தாளுநரே இத்தொழிலின் கருங்காலி என்று சொல்லத் தயங்கும் எந்தச் சங்கமும் ஊதியத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே அகற்ற வேண்டும். இணையவழி மருந்து விற்பனையை எதிர்த்து 2018 செப்டம்பர் 28 அன்று நாடெங்கும் மருந்துக் கடைகள் அடைக்கப்பட்டபோது, மருந்தாளுநர்கள் போராடுகிறார்கள் என்று பலர் எண்ணினர். அழைப்பு விடுத்தது மருந்து வணிகர்களின் கூட்டமைப்பு; அது கடை உரிமையாளர்களின் அமைப்பு, அங்கே சம்பளம் வாங்குவோரின் அமைப்பன்று. அதேபோல் தமிழ்நாடு மருந்தியல் மன்றம் பதிவு செய்யும், ஒழுங்குபடுத்தும் அமைப்பு. மாநில மன்றத்துக்குப் பதிவு பெற்ற மருந்தாளுநர்கள் தமக்குள்ளிருந்து ஆறு பேரைத் தேர்ந்தெடுக்க மருந்தியல் சட்டம் இடம் தருகிறது. ஒரு தனியார் மருந்தாளுநரின் கையில் உள்ள ஒரே சட்டபூர்வ வாக்குச்சீட்டு இது. ஊதியம், வேலை நேரம், விடுப்பு ஆகிய மூன்றிலும் அதிகாரமில்லாத ஓர் அவைக்கு அந்த வாக்குப் போகிறது.

குந்தாரப்பள்ளி போன்ற எல்லைப் பகுதியில் படித்து முடித்த இளைஞருக்குக் கண்முன் தெரியும் மாற்று வழி பெங்களூரு. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளியைக் கடந்தால் பொம்மசந்திராவின் பெரிய மருத்துவமனைகள் தொடங்குகின்றன. மருந்தாளுநர் பதிவோ மாநிலவாரியானது. கர்நாடகத்தில் மருந்து வழங்க அம்மாநிலப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். வேறு மாநிலத்தில் பதிவு பெற்றவர் என்ற தகுதியில் அதற்கு விண்ணப்பிக்க வழியுண்டு என்றாலும், எல்லை தாண்டியதும் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கை, தொழிலாளர் அலுவலர், சமரசப் பேச்சு நடக்கும் இடம் எல்லாம் மாறிவிடுகின்றன. 21,000 ரூபாய்க்குள் ஊதியம் பெறுவோருக்கான ஈ.எஸ்.ஐ. எண் மட்டும் அவரோடு கூடவே பயணம் செய்கிறது. வீடு தமிழ்நாட்டிலும் வேலை கர்நாடகத்திலுமாக இருப்பவரைச் சேர்த்துக்கொள்ளும் சங்கம், தன் பெயரில் எந்த மாநிலத்தைப் போடுவது என்ற கேள்வியிலேயே தடுமாறக்கூடும்.

சங்கம் வைத்தால் சட்டம் அதைக் காதுகொடுத்துக் கேட்குமா என்ற கேள்விக்கு விடை, மருத்துவமனை ஒரு தொழிலா என்ற பழைய வழக்கில் இருக்கிறது. தொழில் தகராறு என்ற சொல்லுக்குள் அடங்கினால்தான் சமரசம், தீர்ப்பாயம், சட்டவிரோத வேலைநீக்கத்துக்கு எதிரான காப்பு ஆகியவை ஒரு பணியாளருக்குக் கிடைக்கும். பம்பாய் அரசுக்கும் மருத்துவமனை மஸ்தூர் சபைக்கும் இடையிலான 1960-ஆம் ஆண்டு வழக்கில் மருத்துவமனை தொழில்தான் என்றது உச்ச நீதிமன்றம். 1970-இல் சப்தர்ஜங் மருத்துவமனை வழக்கில் இல்லை என்றது. 1978-இல் பெங்களூரு குடிநீர் வாரியத்துக்கும் ஏ. ராஜப்பாவுக்கும் இடையிலான வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வுக்காக வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய புகழ்பெற்ற தீர்ப்பில் மீண்டும் ஆம் என்றது. லாப நோக்கம் இருக்கிறதா என்பது முக்கியமன்று, முதலாளியும் பணியாளரும் கூடி முறையாகப் பொருளையோ சேவையையோ உண்டாக்கினால் அது தொழில் என்ற அந்த அளவுகோலின்படி, அறக்கட்டளை மருத்துவமனையும் உள்ளே வந்தது. நான்காண்டுக்குள் நாடாளுமன்றம் மருத்துவமனைகளை வெளியே தள்ளும் திருத்தம் ஒன்றை 1982-இல் இயற்றியது. ஆனால் அந்தப் பகுதியை நடைமுறைப்படுத்தும் அறிவிக்கையை எந்த அரசும் வெளியிடவே இல்லை. சட்டப் புத்தகத்தில் அச்சாகியும் உயிர் பெறாத அந்தத் திருத்தத்தின் நிழலில் நாற்பதாண்டுகளுக்கு மேல் மருத்துவமனைப் பணியாளர்கள் வேலை பார்த்தனர். ராஜப்பா தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும் கேள்வி 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு இந்தப் பழைய வழக்கைப் புதிய இடத்துக்கு நகர்த்தியிருக்கிறது. தொழில் என்பதற்கான அதன் வரையறை மருத்துவமனையைப் பெயர் சொல்லி விலக்கவில்லை. ஆனால் முழுமையாகவோ பெருமளவிலோ அறப்பணியில் ஈடுபடும் அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களை விலக்குகிறது. அறக்கட்டளையின் பெயரில் இயங்கிக்கொண்டே கட்டணப் பட்டியல் வைத்திருக்கும் மருத்துவமனைகள் எந்தப் பக்கம் விழும் என்பதை இனி ஒவ்வொரு வழக்கிலும் வாதாட வேண்டியிருக்கும். தொழிலாளி என்ற வரையறையில் தொழில்நுட்ப வேலை செய்வோர் அடங்குவதால் மருந்தாளுநர் உள்ளேதான் இருக்கிறார். அதே வரையறை, மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறும் மேற்பார்வையாளரை வெளியே வைக்கிறது. ஓர் உதவியாளரை மட்டும் கீழே வைத்துக்கொண்டு மருந்தகப் பொறுப்பாளர் என்ற பலகையோடு உட்காரும் மருந்தாளுநரை மேற்பார்வையாளர் என்று வாதிடும் நிர்வாகங்கள் வரத்தான் செய்யும். பதவியின் பெயரைப் பார்க்காமல் முதன்மையாக அவர் செய்யும் வேலை என்ன என்று பார்ப்பது நீதிமன்றங்களின் நெடுநாள் மரபு என்பது இங்கே துணை.

ஆனால் பெரிய தடை எண்ணிக்கைதான். புதிய தொகுப்பின்படி ஒரு நிறுவனத்தில் பல சங்கங்கள் இருந்தால், வருகைப் பட்டியலில் உள்ளோரில் 51 விழுக்காட்டினரின் ஆதரவு பெற்றதே பேச்சுவார்த்தைச் சங்கம். அப்படி எதுவும் இல்லையென்றால், 20 விழுக்காட்டுக்குக் குறையாத ஆதரவுடைய சங்கங்களிலிருந்து பேச்சுவார்த்தைக் குழு அமையும். நூறு பேர் வேலை பார்க்கும் மருத்துவமனையில் மூன்று மருந்தாளுநர்கள் இருந்தால், அவர்கள் மூவரும் ஒரு குரலில் பேசினாலும் அது மூன்று விழுக்காடு. பதிவு பெறவே எவ்வளவு பாடு என்பதைத் தமிழகம் அண்மையில் பார்த்தது. திருப்பெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தும், தங்கள் சங்கத்தின் பதிவுச் சான்றிதழைத் தொழிலாளர்கள் கையில் வாங்கியது 2025 ஜனவரியில்தான். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்ட இடத்தின் கதை இது.

ஆகவே மருந்தாளுநர்களுக்கென்று தனியே ஒரு சங்கம் என்ற கனவு, தொழில் மானத்துக்கு இதமாக இருந்தாலும், மருத்துவமனை வாயிலில் செல்லுபடியாகாது. பிரிட்டனில் 1923-இல் பொதுத்துறை மருந்தாளுநர்களின் கில்டு என்று தனியமைப்பாகத் தொடங்கிய சங்கம், அரை நூற்றாண்டு தனித்து நடந்த பிறகு, 1974-இல் அறிவியல், தொழில்நுட்ப ஊழியர்களின் பெரிய சங்கத்தோடு சேர்ந்தது; பல இணைப்புகளுக்குப் பின் இன்று யுனைட் என்ற பேரமைப்புக்குள் சுகாதாரத் துறை மருந்தாளுநர் கில்டு என்ற தனிப் பெயரையும் தனிக் குழுவையும் காத்துக்கொண்டே இயங்குகிறது. அந்நாட்டின் தேசிய சுகாதாரப் பணியின் ஊதிய விகிதங்கள் 2004-இல் மருத்துவர், பல் மருத்துவர், உயர்நிலை மேலாளர் நீங்கலான மற்றப் பணியாளருக்கு ஒரே ஏணியாக மாற்றப்பட்டபோது, மருந்தாளுநருக்கு எந்தப் படி என்று வாதாட அந்த மேசையில் அவர்களுக்கு நாற்காலி இருந்தது. பெரிய வீட்டில் ஓர் அறையைத் தனதாக்கிக்கொண்ட இந்த ஏற்பாட்டில் குந்தாரப்பள்ளிக்கும் ஓசூருக்கும் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது.

அருகிலேயே இன்னொரு சான்றும் உண்டு. 2016 ஜனவரியில் தனியார் மருத்துவமனைச் செவிலியர் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையின்படி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையாமலும், 200 படுக்கைக்கு மேற்பட்டவற்றில் அரசுச் செவிலியருக்கு இணையாகவும் ஊதியம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை நடைமுறைக்கு வந்த விதம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. கேரளத்தில் 2011 முதல் திரண்டெழுந்த செவிலியர் சங்கம் அதைத் தெருவில் இறங்கிக் கேட்டது. அந்தப் பரிந்துரையில் மருந்தாளுநர் என்ற சொல் இடம்பெறவில்லை, காரணம் அந்த வழக்கைத் தொடுத்தது செவிலியர் சங்கம். கடைகளில் வேலை பார்ப்போர் அமர இருக்கை தர வேண்டும் என்ற சட்டத் திருத்தத்தைக் கேரளத்துக்குப் பிறகு தமிழ்நாடு 2021-இல் கொண்டுவந்ததும், கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்கள் பி. விஜியின் முன்னெடுப்பில் எழுப்பிய கோரிக்கையின் தொலைதூர விளைவே. மருந்துக் கடைக்கு அந்த உரிமை பொருந்தும். மருத்துவமனைக்குள் இருக்கும் மருந்துச் சன்னலுக்கு அது எட்டுமா என்று கேட்க இதுவரை ஒரு சங்கமும் முன்வராததால், நாள் முழுதும் நின்று நரம்பு சுருண்ட காலோடு வீடு திரும்புவோருக்கு விடை கிடைக்கவில்லை.

நெடுஞ்சாலையோர மருத்துவமனைகளின் செவிலியர், ஆய்வக நுட்பநர், கதிர்வீச்சு நுட்பநர், மருந்தாளுநர், துப்புரவுப் பணியாளர் அனைவரும் வட்டார அளவில் ஒரே சங்கமாக, அதற்குள் மருந்தாளுநருக்குத் தனிப் பிரிவாக அமைவதே இன்றைய சட்டத்துக்குள் சாத்தியமான வடிவம். தொழிற்சங்கப் பதிவுக்கு ஒரு நிறுவனத்தையோ ஒரு தொழில் முழுவதையோ அடிப்படையாகக் கொள்ளலாம். அந்த நிறுவனம் அல்லது தொழிலில் உள்ளோரில் 10 விழுக்காட்டினர் அல்லது 100 பேர், இவற்றுள் எது குறைவோ அது போதும், ஆனால் 7-க்குக் குறையக் கூடாது. ஆலைச் சங்கங்களின் அனுபவம் கைக்கெட்டும் தொலைவில், ஓசூரிலேயே இருக்கிறது. அந்த ஆலைத் தொழிலாளர்களின் குடும்பங்கள்தாம் இந்த மருந்துச் சன்னல்களின் வரிசையில் நிற்கின்றன என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

சங்கம் வரும் வரை காத்திருக்க வேண்டாத ஒன்றும் உண்டு. தொழிலுறவுத் தொகுப்போடு அதே நாளில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலை குறித்த தொகுப்பு, ஒவ்வொரு பணியாளருக்கும் எழுத்து மூலமான பணி நியமனக் கடிதம் தருவதை வேலையளிப்பவரின் கடமையாக்கியிருக்கிறது. இன்ன இடத்தில், இன்ன வேலைக்கு, இன்ன ஊதியத்துக்கு இவர் நியமிக்கப்பட்டார் என்று சொல்லும் அந்த ஒரு தாள், சுவரில் மாட்டிய சான்றிதழையும் சன்னலில் நிற்கும் மனிதரையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. வாடகைக்குப் பெயர் கொடுத்தவரால் அதை எளிதில் கேட்க முடியாது, உழைப்பவரால் முடியும். தனியார் மருத்துவமனையில் பணிபுரியும் மருந்தாளுநர் எவரிடமேனும் அந்தக் கடிதம் இல்லையென்றால், இந்த மாதச் சம்பளத்தோடு அதையும் எழுத்தில் கேட்டு வாங்கட்டும்.